எய்னாருக்கு ஓர் இலேசான துப்பாக்கி

ரூடி க்ரீக், மொன்டானா
20 மார்ச் 1974

அன்புத் தம்பி லெலண்டுக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் இங்கே இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பனி முழுக்க உருகும்வரை உன் துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் படியில் இறங்காதே.

போனில் கேட்காமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எங்கள் லைன் ஆறு வீடுகளுக்குப் பொது. எங்களுக்கு மணி அடித்தால் ஆறு வீட்டிலும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்து நிலத்து வெர்னா ஹாகன் மூச்சு விடுவதைக்கூட நான் இப்போது அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன்.

விஷயம் இதுதான். உன் அத்தானுக்கு இலேசான துப்பாக்கி ஒன்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். வளை அணில்கள் வெளியே வந்துவிட்டன. போன வருஷம் தெற்கு மேய்ச்சலில் அவை தோண்டிய வளையில் கால் சிக்கி ஒரு நல்ல குதிரை போனது உனக்குத் தெரியும். எய்னார் பிக்கப் வண்டியில் உட்கார்ந்துகொண்டு சுடுகிற ஆள் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நடந்துதான் போக வேண்டும், நடந்துதான் சுட வேண்டும். ஆனால் அந்தப் பழைய துப்பாக்கி கனம். களைத்துப்போனால் எங்கேயாவது இறக்கி வைத்துவிடுகிறார். அப்புறம் வைத்த இடம் அவருக்கே தெரிவதில்லை. போன வாரம் ஓடைப் பக்கம் ஒரு பாறையின்மேல் நனைந்துகொண்டு கிடந்ததை நான்தான் தேடி எடுத்தேன். உள்ளே தோட்டா இருந்தது.

மாட்டியிருப்பதே தெரியாத எடையில் ஒன்று சொல். குறி தவறினால் குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதையும் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

எய்னார் உன்னை விசாரித்தார் என்று எழுத வேண்டும். விசாரிக்கவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் அக்கா
ஆர்டிஸ்


ஹாமில்டன்
2 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் இன்னும் என்னுடையதாகத்தான் இருக்கிறது. டாக்டர் அதை வெட்டித் திறந்து பார்க்க ஆசைப்படுகிறார். நான் பிடி கொடுக்கவில்லை. மற்றபடி சுகம். நீங்கள் இருவரும் சாப்பாட்டில் குறை வைக்காமல் இருங்கள்.

துப்பாக்கி என்று கேட்டு எழுதினாய் பார், எனக்கு ஒரு வாரத்துக்குத் தூக்கம் போயிற்று. சந்தோஷத்தில்தான்.

எல்லோரும் முதலில் கேட்பது அந்தச் சின்ன ட்வென்டி-டூ ரகத் துப்பாக்கியை. எடை குறைவு, விலை குறைவு, தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். அது உங்களுக்கு வேண்டாம். அதன் குண்டு வெறும் ஈயம், மெதுவாகப் போகும். மெதுவாகப் போவதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடாதே. கல்லிலோ உறைந்த மண்ணிலோ பட்டால் அது உடையாமல் எம்பும். எம்பினால் எந்தத் திசையில் போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது. இந்தக் காலத்து இளவட்டங்கள் வாங்குகிற அதிவேகத் துப்பாக்கி இன்னொரு கூத்து. குழலே ஒரு மணிக்கட்டுப் பருமன் இருக்கும். வண்டி முகப்பில் மணல் மூட்டையைப் போட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டு சுட வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு அத்தான் நடந்தால் முதல் வேலி வருவதற்குள் தோள் இறங்கிவிடும்.

நடக்கிறவனுக்கு ஹார்னெட் ரகம்தான். சுண்டுவிரல் அளவு தோட்டா, மெல்லிய குழல், வால்நட் கட்டை, எல்லாம் சேர்த்து ஆறு பவுண்டுக்குள் அடங்கும். நூற்றைம்பது கஜம் வரை நம்பிச் சுடலாம். ஓர் அணிலுக்கு அது போதும். குண்டு சின்னது, மேல்தகடு மெல்லிசு, வேகம் அதிகம். மண்ணில் பட்டதும் தூளாகிவிடும், எம்பாது. நீ கேட்ட கேள்விக்குப் பதில்: மண்ணில் படாமல் போனால் ஒரு மைலும் போகும். அதனால்தான் பின்னால் மேடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விசையைத் தொட வேண்டும். இதை அத்தானுக்கு நான் சொன்னால் சிரிப்பார்.

அது சரி, அவரே ஏன் எழுதவில்லை? துப்பாக்கி விஷயத்தில் என்னோடு மல்லுக்கு நிற்காமல் அவருக்குச் சோறு இறங்காதே.

தம்பி
லெலண்ட்


ரூடி க்ரீக்
ஈஸ்டர் ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்தெழுந்தவர் உன்னையும் காக்கட்டும். சர்ச்சிலிருந்து இப்போதுதான் வந்தோம். முழங்காலை டாக்டரிடம் காட்டு, கேலி பேசாதே.

ஹார்னெட்டையே அனுப்பு. எய்னாருக்கு வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

இரண்டு விஷயம். குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் தோட்டா நிரப்புவது எங்கள் இருவர் வேலை. காலித் தோட்டாக் கூட்டில் வெடிமருந்தை அளந்து போடுவது நான், குண்டை வைத்து அழுத்துவது அவர். மருந்தைக் குறைத்தால் குண்டு அவ்வளவு தூரம் போகாது அல்லவா? அதை விளக்கி எழுது.

அப்புறம், உன் ஊர்க் கடையில் எனக்கு ஒரு கோட்டு வாங்கி அனுப்பு. நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வேலைக்குப் போடுகிற என் கோட்டு மண் நிறம், எனக்கு அலுத்துவிட்டது. இந்த வசந்தத்தில் இங்கே எல்லார் தலையிலும் சிவப்புத் தொப்பி. தீவனக் கடையில் சும்மா கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது. வெர்னா அதைச் சர்ச் வாசல் வரைக்கும் மாட்டிக்கொண்டு வந்தாள்.

சீக்கிரம் அனுப்பு.

அக்கா
ஆர்டிஸ்


ஹாமில்டன்
28 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாம் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். மாட்டு லாரி ஓட்டுகிற கஸ் அடுத்த வாரம் உங்கள் பக்கம் வருகிறான். துப்பாக்கி, கோட்டு இரண்டையும் அவன் கையில் கொடுத்துவிட்டேன். கடைக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யாருக்கு சார் இவ்ளோ செவப்பு?" என்றாள். "எங்க அக்காவுக்கு. அம்பத்தெட்டு வயசுல திடீர்னு குமரியாயிட்டா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துப்பாக்கி என்னிடம் பத்து வருஷமாக இருந்தது. குழலை நான் துடைத்த அளவுக்கு வேறு யாரும் துடைத்திருக்க மாட்டார்கள். ஒரு விரலில் தொங்கவிடலாம், அவ்வளவு இலேசு.

மருந்துக்கு ஒரு சின்னக் கரண்டி செய்து வைத்திருக்கிறேன். வழக்கமான அளவில் முக்கால் பங்குதான் பிடிக்கும். சத்தமும் குறையும், வேகமும் குறையும், கிட்டத்தில் இருக்கிற அணிலுக்கு அது தாராளம். பயப்படாமல் போடு. மருந்து கூடிப்போனால்தான் ஆபத்து. குறைந்தால் அணிலுக்கு லாபம், வேறொன்றுமில்லை.

அத்தானை ஒரு வரியாவது எழுதச் சொல். துப்பாக்கியைத் திட்டியாவது எழுதச் சொல்.

தம்பி
லெலண்ட்


ரூடி க்ரீக்
19 மே

தம்பி லெலண்டுக்கு,

சுகம்தானே? நாங்கள் இருக்கிறோம். பொருள்கள் வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

கோட்டு சரியான அளவு. கதவுக்கு வெளியே போனால் அதைத்தான் போடுகிறேன், வெயிலிலும்.

எய்னார் துப்பாக்கியைக் கையில் வாங்கித் தோளில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இது யாரு அனுப்பினது?" என்றார். "லெலண்ட்" என்றேன். "எந்த லெலண்ட்?" என்றார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் "சும்மா கேட்டேன்டி, உன் மூஞ்சிய பாரு" என்று என் தோளைத் தட்டினார். அது சும்மா கேட்ட கேள்வி இல்லை, லெலண்ட். முப்பத்து மூன்று வருஷமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வழியில் அதை இறக்கி வைப்பதில்லை, தோளிலேயே வீடு வந்து சேர்கிறது. அந்த மட்டில் நிம்மதி. அவர் சுடுகிற சத்தம் கேட்டால் நான் எங்கே இருந்தாலும் நின்றுவிடுகிறேன். அடுத்த சத்தம் வரும்வரை கை வேலை ஓடாது.

இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. தோட்டத்தில் ருபார்ப் தண்டு நன்றாக வந்திருக்கிறது.

ஆர்டிஸ்


ஹாமில்டன்
30 மே

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

கஸ் நேற்று கடைக்கு வந்தான். எய்னார் அவனிடம் பேர் கேட்டாராம், சொன்னானாம். காபி குடித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டாராம். கஸ் பதினெட்டு வருஷமாக உங்கள் மாட்டை ஏற்றுகிறவன். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் படித்தேன். குண்டு எவ்வளவு தூரம் போகும், மருந்தைக் குறைக்கலாமா, நல்ல சிவப்பாக ஒரு கோட்டு. நான் ஒரு மடையன். துப்பாக்கி என்றதும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அங்கே என்ன நடந்தது? ஒன்றையும் மறைக்காமல் எழுது.

லெலண்ட்


ரூடி க்ரீக்
16 ஜூன்

அன்புத் தம்பிக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். உனக்கு ஏதாவது ஒன்று ஆனால் எனக்குச் சொல்லி அழ ஆள் கிடையாது.

மார்ச் மாதம், நான் உனக்கு முதலில் எழுதினேனே, அதற்கு முந்தின நாள். ரோட்டோரம் கீழ்க்கம்பி அறுந்திருந்தது. குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன், அந்த மண் நிறக் கோட்டோடு. முதலில் சத்தம் கேட்டதா, கம்பத்தில் இருந்து சிம்பு தெறித்து என் கன்னத்தில் பட்டதா என்று எனக்கு இப்போதும் தெரியாது. தரையோடு தரையாகக் கிடந்தேன். எழுந்தால் இன்னொன்று வரும், கிடந்தாலும் வரும் என்று தோன்றியது. கத்தலாமே என்று நீ நினைப்பாய். குரல் வரவில்லை.

எய்னார் மெதுவாக நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "கொயோட்டி நரி ஒண்ணு இங்கதான் பதுங்கி நின்னுச்சு ஆர்டிஸ். தப்பிச்சிட்டுது. நீ பாத்தியா?" என்றார். "பாக்கல" என்றேன். என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "தரையில உக்காராத, ஈரம்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். அவர் வீட்டில் இருந்தால் பயமில்லை. போர்வையை இழுத்து என் காலை மூடிவிடுகிற அதே மனிதர்தான். தோளில் அதை மாட்டிக்கொண்டு கதவைத் தாண்டியதும் எந்தப் பக்கம் போகிறார் என்று ஜன்னலில் நின்று பார்ப்பேன். என்னை மட்டும் சொல்லவில்லை. ஹாகன் வீட்டு ஆட்கள் வேலியோரம் தண்ணீர்க் குழாய் பார்க்க வருவார்கள். யாராவது குனிந்து நிற்பார்கள்.

துப்பாக்கியைப் பிடுங்கு என்று எழுதாதே. இங்கே ஒருவனுடைய பிக்கப்பின் பின் கண்ணாடியில் துப்பாக்கி மாட்டும் கொக்கி வெறுமையாக இருந்தால் தபால் நிலையத்தில் இறங்குவதற்குள் ஊருக்கே தெரியும், எய்னார் முடிந்தான் என்று. அடுத்த நாளே நிலத்துக்கு விலை கேட்டு ஆள் வரும். அது கிடக்கட்டும். அவரே அந்தக் கொக்கியைத் திரும்பிப் பார்ப்பாரே, அதை நான் எப்படிப் பார்ப்பேன்?

போன் செய்யாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


ஹாமில்டன்
24 ஜூன்

அக்கா,

படித்தேன். உன் கன்னத்தில் காயம் ஆறிவிட்டதா என்றுகூட இத்தனை மாதம் நான் கேட்கவில்லை.

ஊர் என்ன பேசும் என்று பயப்படுகிறாய். ஊர் பேசட்டும். உன்னைப் புதைத்துவிட்டு வந்து அந்த மனிதர் "ஆர்டிஸ் எங்கே?" என்று என்னைக் கேட்பார், நான் என்ன சொல்வேன்? துப்பாக்கியை ஒளித்து வை. கொட்டகையில், கிணற்றில், எங்கேயாவது போடு. நானே வந்து எடுத்துப் போவேன், ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை முழங்காலை அறுக்கிறார்கள். ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது, படுக்கையைவிட்டு இறங்கக்கூட டாக்டர் மனசு வைக்க வேண்டுமாம்.

ஆறு வாரம் பொறு. அதுவரை அவரைத் தனியே அனுப்பாதே. இதற்குப் பதில் எழுது. உடனே எழுது.

லெலண்ட்


ரூடி க்ரீக்
21 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? காலை அசைக்காமல் படு. உன் பேரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிறேன்.

பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். ஒளித்து வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கத் தேடினார். திருடன் வந்திருக்கிறான் என்று வாசலில் காவல் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நானே எடுத்துக் கொடுத்தேன். வேறு வழி தெரியவில்லை.

இப்போது வழி கிடைத்துவிட்டது. நீ சொன்னதிலிருந்துதான் தோன்றியது. குறைந்தால் அணிலுக்கு லாபம் என்று எழுதியிருந்தாயே. அவர் தூங்குகிற நேரமாகப் பார்த்து நானே ஒரு பெட்டித் தோட்டா நிரப்பினேன். குண்டை அழுத்துகிற கருவியும் எனக்குப் பழக்கம்தான். மருந்து ஒரு சிட்டிகைக்கும் குறைவு. குலுக்கினால் சத்தம் வரும், அவ்வளவுதான் இருக்கும். பட் என்று ஒரு சத்தம் கேட்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. குறி தவறியது என்று நினைத்துக்கொள்வார், அடுத்ததைப் போடுவார், நடப்பார், வீட்டுக்கு வருவார்.

பழைய பெட்டியில் கொஞ்சம்தான் மிச்சம். மூன்று நாளாக இங்கே மழை, அவர் வெளியே போகவில்லை. வெயில் வந்ததும் பழையது தீர்ந்துவிடும், அப்புறம் என்னுடையதுதான். மார்ச்சுக்குப் பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

உன் அக்கா
ஆர்டிஸ்


ஹாமில்டன்
25 ஜூலை

அக்கா,

இந்தக் கடிதத்தை அனுப்புவேனா என்று தெரியவில்லை. போன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அது அடிக்க வேண்டும். அதுவரை கைக்கு ஏதாவது வேலை வேண்டும், எழுதுகிறேன்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. சிட்டிகை மருந்து என்று படித்ததும் அந்த வரியைத் திரும்பப் படித்தேன். நான்தான் உனக்குச் சொல்லாமல் விட்டேன். மருந்து ரொம்பக் குறைந்தால் குண்டு வெளியே வராது, அக்கா. பாதிக் குழலில் நின்றுவிடும். பட் என்று கேட்கும், அவ்வளவுதான். சரியாக இருக்கிற ஆள் அந்தச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுவான், குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் பார்ப்பான். எய்னார் பார்க்க மாட்டார். அடுத்ததைப் போடுவார். அடைத்த குழலுக்குள் அடுத்த குண்டு, அது பழைய பெட்டியின் முழுத் தோட்டாவாகவும் இருக்கலாம். குழல் கிழியும், அவர் முகத்துக்குப் பக்கத்தில். எவ்வளவு மெல்லிய குழல் என்று நான்தான் பெருமையாக எழுதினேன்.

போன் செய்யாதே என்றாய். செய்தேன். உங்கள் வீட்டு மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. நீ தோட்டத்தில் இருந்திருப்பாய். வைக்கப் போகிற நேரத்தில் ஒரு குரல்.

"லெலண்ட்தானே? நான் வெர்னா. ஆர்டிஸ் வெளிய இருக்கா போல. என்கிட்ட சொல்லு."

மற்ற ஐந்து வீடும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று தெரியும். மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். எய்னாருக்கு நினைவு தவறுவதை, உன் தோட்டாவை, குழலை.

"எந்த மேய்ச்சல்?" என்றாள். தெற்கு என்றேன். "இன்னிக்கு வெயில் அடிக்குது" என்றாள் வெர்னா. அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது.

இப்போது மணி மூன்றரை ஆகிறது. போன் அடிக்கவில்லை. கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தேன், விழுந்தேன். தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அடிக்க வேண்டும். வெர்னாவாக இருக்கட்டும், நீயாக இருக்கட்டும், யாராவது


ரூடி க்ரீக்
28 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

விழுந்ததில் தையல் பிரியவில்லை என்று போனில் சொன்னாய். நம்புகிறேன். அன்று என்னால் "உயிரோட இருக்காரு" என்பதைத் தவிர ஒன்றும் பேச முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வெர்னா பிக்கப்பை வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு மேய்ச்சலுக்குள்ளேயே விட்டிருக்கிறாள். இறங்கும்போது அந்தப் பட் சத்தம் அவள் காதில் விழுந்திருக்கிறது. எய்னார் போல்ட்டை இழுத்துக் காலிக் கூட்டைத் தள்ளி, அடுத்ததை உள்ளே போட்டுத் தோளில் வைத்தாகிவிட்டது. கத்தினால் திடுக்கிட்டு விசையை அழுத்திவிடுவார் என்று பயந்து, வெர்னா நேரே குழலுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். அந்தச் சிவப்புத் தொப்பியோடு.

"எய்னார், எங்க கிடேரி கன்னு போட முடியாம கெடக்கு. கை விட்டு இழுக்க ஆள் இல்ல. அத அங்க வச்சிட்டு வா" என்றாளாம்.

அவர் துப்பாக்கியைத் தாழ்த்தி, போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டு, ஒரு புல்மேட்டில் சாய்த்து வைத்தார். இத்தனை வருஷப் பழக்கம், அதை மட்டும் மறக்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, "ஜூலையில என்ன கன்னு, வெர்னா?" என்று கேட்டாராம். "லேட்டு கன்னு" என்று சொல்லிவிட்டு அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பத்தைத் தட்டில் வைத்திருக்கிறாள். இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அவள் போனில் கூப்பிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது வெர்னா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தச் சிவப்புத் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. "இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"மார்ச் மாசமே தெரியும் ஆர்டிஸ்" என்றாள். "நீ வேலியோரம் விழுந்து கெடந்தத எங்க வீட்டுக்காரர் ரோட்டுல இருந்து பாத்துட்டாரு. அவர் எறங்கி ஓடி வர்றதுக்குள்ள எய்னார் வந்து உன்னைத் தூக்கிட்டாரு. மறுநாளே லைன்ல இருக்குற மத்த அஞ்சு வீட்டுக்கும் தொப்பி வாங்கினேன். தீவனக் கடையில சும்மா குடுத்தானான்னு அன்னைக்குச் சர்ச்ல கேட்டியே?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தோம். தெனமும் போன எடுத்து வச்சிக் கேட்டேன், நீ வாயே தொறக்கல."

நான் அவள் மூச்சைத் திட்டிக்கொண்டிருந்த மாதங்களை நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எய்னாரை உட்கார வைத்துச் சுத்தம் செய்கிற கம்பியைக் குழலுக்குள் விட்டுக் காட்டினேன். பாதியில் நின்றது. அவர் கம்பியை வாங்கித் தானே விட்டுப் பார்த்தார். பிறகு கம்பியை மேசையில் வைத்தார். அன்று அவர் முழுசாக அவராகவே இருந்தார், லெலண்ட்.

"யாரு ரொப்பினது?"

"நான்தான்."

தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபமே இல்லை.

"அன்னைக்கு வேலிகிட்ட நான் சுட்டது நரி இல்ல. இல்லையா, ஆர்டிஸ்?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையை விடாமல் இறுக்கிக்கொண்டார். எனக்கு மட்டும்தான் பயம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

துப்பாக்கியைக் கஸ்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். குழலில் இருப்பதை எடுத்துவிடு. அப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா
ஆர்டிஸ்


ரூடி க்ரீக்
2 அக்டோபர்

மச்சான் லெலண்டுக்கு,

நீ நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று ஆர்டிஸ் சொன்னாள். நல்லது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இன்று காலையிலிருந்து தலையும் தெளிவாக இருக்கிறது, அதனால் இன்றே எழுதிவிடுகிறேன். மெதுவாகத்தான் எழுத வருகிறது, பொறுத்துக்கொள்.

துப்பாக்கி திரும்பி வந்தது. குழலில் கீறல் இல்லை, நீ வேலைக்காரன்தான். இப்போது அது பிக்கப்பின் கொக்கியில் இருக்கிறது, ஊர் பார்க்கட்டும். அது இல்லாமல் சுட முடியாத போல்ட் ஆர்டிஸின் ஏப்ரன் பையில் இருக்கிறது. அவளை அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னது நான். அவள் கேட்கவில்லை, கேட்க அவளுக்கு வாய் வராது.

மத்தியானம் நடக்கத்தான் செய்கிறேன். துப்பாக்கி என் தோளில், போல்ட் அவளிடம். அணில்கள் எழுந்து நின்று எங்களைப் பார்த்துச் சீட்டி அடிக்கின்றன. அவற்றை ஹாகன் வந்து சுட்டுக்கொள்கிறான். அவள் அந்தச் சிவப்புக் கோட்டோடு எனக்கு முன்னால் போகிறாள். சில நாள் வீடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது, லெலண்ட், உன்னிடம் சொல்வதற்கென்ன. அப்போது அந்தச் சிவப்பைப் பார்த்து நடக்கிறேன்.

நீ தேர்ந்தெடுத்தது நல்ல துப்பாக்கி. போல்ட் இல்லாமல் இன்னும் இலேசு.

இப்போது கேட்பதை நீ செய்ய வேண்டும். இதெல்லாம் எனக்கு மறந்துபோகிற நாள் வரும். அன்று போல்ட் எங்கே என்று அவளிடம் சண்டைக்குப் போவேன். கத்துவேன், வேறென்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அவள் பயந்து கொடுத்துவிடுவாள், ஜூலையில் கொடுத்த மாதிரி. அதனால் இந்தக் கடிதத்தை நீ வைத்துக்கொள்ளாதே. படித்ததும் அவளுக்கே திருப்பி அனுப்பு. நான் கேட்கிற அன்று இதை என் முன்னால் விரித்து வைக்கச் சொல். யார் சொன்னாலும் நம்பாமல் போவேன், என் கையெழுத்தை நம்புவேன்.

போல்ட்டை எனக்குக் கொடுக்காதே, ஆர்டிஸ்.

எய்னார்